கொடைக்கானலில் ஒரு கோல்ஃப் நாள்: நண்பர் குழுவைக் கூட்டிப்போய் ஆடித் திரும்ப முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "ஒரு தடவை கொடைக்கானல் போய் ஆடினா என்ன?" எல்லோரும் தலையாட்டுவார்கள். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழு பிறந்து, அதற்குப் பெயர் வைத்து, பெயரை மாற்றி, டி-ஷர்ட் நிறம் வரை சண்டை வந்துவிடும். அதற்குப் பிறகு வேலை செய்ய ஒரே ஒரு ஆள்தான் மாட்டுவார். இந்த வழிகாட்டி அந்த ஒரு ஆளுக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நாளை மோசமான ஆட்டம் கெடுத்து நான் பார்த்ததில்லை. பத்து அடி அடித்து ஒரு ஹோலை (டீயில் தொடங்கிக் குழியில் பந்தைப் போடும்வரை உள்ள ஒரு கட்டத்தை) முடித்தவரும் சிரித்துக்கொண்டுதான் சாப்பாட்டுக்கு வருவார். நாளைக் கெடுப்பது காத்திருப்பு. முன்னால் போன நால்வர் பந்து தேடிக்கொண்டிருக்க, பின்னால் எட்டுப் பேர் டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்பது. கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பாரே, அந்தச் சங்கடம் இருவருக்கும். தேதி, ஆட்ட முறை, யாரோடு யார், சாப்பாடு என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் "இதனால் யாராவது நிற்க வேண்டி வருமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எப்போது போவது

தமிழ்நாட்டு மலைகளில் ஊட்டி, வெல்லிங்டன், கொடைக்கானல் என மூன்று இடங்களில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. 18 ஹோல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரம். ஊருக்கு வெளியே, பச்சைப் பள்ளத்தாக்கும் தூண் பாறையும் பார்க்கப் போகிற சாலையில் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் எல்லாம் போகும் வழி அதுதான் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையின் கை ஓங்கியிருக்கும். கொடைக்கானலில் அக்டோபரும் நவம்பரும்தான் பெரிய மழை. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் தாங்காது, மத்தியானத்துக்கு மேல் இடியும் வரும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் சில காலைகளில் உறைபனி விழும். உறைந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் உடைந்து, பிறகு அந்தப் பாதத் தடம் கறுத்துப்போய் நிற்கும். அதனால் பனி உருகும்வரை கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கம் யாரையும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பிப்ரவரி, மார்ச் என்பது என் தேர்வு. வெயில் இதமாக இருக்கும், தரை காய்ந்திருக்கும், பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் லீவு விட்டிருக்க மாட்டார்கள்.

கிழமை? செவ்வாய், புதன், வியாழன். சனி ஞாயிறு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் அன்றைக்கு மைதானம் முதலில் கிளப் உறுப்பினர்களுக்கு என்பதையும், மலைப்பாதையில் வண்டிகள் ஊர்வலம் போவதையும் எடுத்துச் சொல்லுங்கள். லீவு தானாகக் கிடைக்கும்.

கிளப்பிடம் பேசுவது

குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் கிளப் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். போனில் பேசினாலும் எழுத்தில் ஒன்று இருக்க வேண்டும். தேதி, மாற்றுத் தேதி, எத்தனை பேர், எத்தனை பேரிடம் ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்) இருக்கிறது, எத்தனை கேடி (பை சுமந்து வழி சொல்பவர்) வேண்டும், மதிய உணவு உண்டா, இவ்வளவுதான் விஷயம். உங்கள் குழுவில் யாராவது சமவெளியில் ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தால் அவர் பெயரில் கடிதம் போகட்டும். கிளப்புகளுக்குள் ஒருவருக்கொருவர் சலுகை தரும் ஏற்பாடு உண்டா என்றும் அவரே கேட்கலாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: விருந்தாளிக் கட்டணம், கேடி கட்டணம், வாடகைக்கு கிளப் செட் (பந்தை அடிக்கும் மட்டைகளுக்கும் கிளப் என்றுதான் பெயர்) கிடைக்குமா, உடை விதி. உடை விஷயத்தில் பெரும்பாலான பழைய கிளப்புகள் கறார். காலர் வைத்த டி-ஷர்ட், சரியான பேன்ட் அல்லது முழங்கால் அளவு ஷார்ட்ஸ், மென்முள் ஷூ. ஜீன்ஸும் வட்டக் கழுத்து பனியனும் வாசலிலேயே நிற்கும். இதை வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை அல்ல, மூன்று முறை போடுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லா டீயிலிருந்தும் தொடங்கும் ஷாட்கன் முறையைச் சிலர் கேட்பார்கள். மைதானம் முழுவதையும் உங்களுக்கே விட்டால்தான் அது நடக்கும். பதினாறு பேருக்கு அதைக் கேட்பது கொஞ்சம் அதிகம்.

ஆட்களும் பணமும்

பன்னிரண்டு அல்லது பதினாறு. நான்கால் வகுபடும் எண் முக்கியம். இருபதுக்கு மேல் போனால் அது நண்பர் குழு இல்லை, போட்டி. அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

வருகிறேன் என்று சொல்பவர் எண்ணிக்கை வேறு, பணம் கட்டுபவர் எண்ணிக்கை வேறு. முன்பணம் வந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். மைதானக் கட்டணம், கேடி, டிப்ஸ், வேன், அறை, சாப்பாடு, பரிசு எல்லாவற்றையும் கூட்டி, மேலே ஒரு பத்து சதவீதம் சேர்த்து, ஒரே தொகையாக வாங்குங்கள். மலைக்கு மேலே போய் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று வசூலிப்பது போலக் கஷ்டம் வேறில்லை. ஒருவர் போனில் சார்ஜ் இருக்காது, இன்னொருவருக்கு யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். குடிக்கிறவர்கள் கணக்கு மட்டும் தனி. இதில் தாட்சண்யம் பார்த்தால் அடுத்த வருஷம் குடிக்காதவர்கள் வரமாட்டார்கள்.

ஹேண்டிகேப்: சண்டை இங்கேதான்

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி எண் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்களுடைய இண்டெக்ஸை (அந்த எண்ணை) மைதானத்தின் ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம் என்று காட்டுவது) பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகக்கூடிய அடிகள்) பாருக்கும் (முடிக்க வகுத்திருக்கும் அடிகள்) உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அன்றைய மைதானத்துக்கான ஹேண்டிகேப் வரும். தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு (கீழே சொல்லப்போகும் புள்ளி முறை) அதில் 95 சதவீதம். கைக்கணக்கு வேண்டாம் என்றால் கிளப் அலுவலகத்தில் கேட்டாலே அட்டவணை காட்டுவார்கள்.

எண்ணே இல்லாதவர்கள்தான் தலைவலி. குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். சிலர் 'சிஸ்டம் 36' என்பார்கள்: பார் அல்லது அதற்குக் கீழே முடித்தால் 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஒரு அடி அதிகம்) 1, டபுள் போகியும் (இரண்டு அதிகம்) அதற்கு மேலும் பூஜ்யம், கூட்டி 36-இல் கழித்தால் அன்றைய ஹேண்டிகேப். ஒருவர் மூன்று பார், ஏழு போகி, மீதி எட்டு ஹோலில் டபுள் அல்லது மோசம் என்றால் 6 + 7 = 13 புள்ளி, ஹேண்டிகேப் 23. மொத்தம் 98 அடித்திருந்தால் நிகரம், அதாவது ஹேண்டிகேப்பைக் கழித்தது, 75. கணக்கு சுலபம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு ஹோலையும் கடைசிவரை முடித்தாக வேண்டும், பதினோராவது அடி, பன்னிரண்டாவது அடி என்று. பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். அதனால் இந்த முறையை நான் பரிந்துரைக்கவில்லை.

இப்படிச் செய்யுங்கள். கடைசியாக முழுதாக ஆடிய மூன்று ரவுண்டின் ஸ்கோரைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் மிகச் சிறந்ததை எடுத்து, பாரைவிட எத்தனை அடி அதிகமோ அதில் 2 கழியுங்கள். உலக ஹேண்டிகேப் முறையும் மூன்று ஸ்கோர் மட்டும் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. ஸ்கோரே இல்லை, இப்போதுதான் ஆட ஆரம்பித்தேன் என்பவருக்கு 36 கொடுங்கள், அதாவது ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு அடி. அதோடு, இந்த முறை ஜெயிப்பவருக்கு அடுத்த பயணத்தில் 2 குறையும், இரண்டாமவருக்கு 1 குறையும் என்று முன்பே எழுதி வையுங்கள். "உடம்பு சரியில்ல, 28 போட்டுக்கோங்க" என்று பாவமாகக் கேட்கிறவர்களுக்கு இதுதான் மருந்து.

ஆட்ட முறை

அடிகளை எல்லாம் எண்ணிக் கூட்டும் மெடல் ஆட்டம் வேண்டவே வேண்டாம். ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடுங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் வகுத்த இந்த முறையில் 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது, அங்கிருந்து பரவியது. சலுகை அடிகளைக் கழித்த பிறகு போகி என்றால் 1 புள்ளி, பார் 2, பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு) 3, ஈகிள் (இரண்டு குறைவு) 4. போகியைவிட மோசமானது எதுவானாலும் பூஜ்யம், அவ்வளவுதான், அடுத்த ஹோலுக்குப் போகலாம்.

புதியவர்களுக்கு இதை ஒரு உதாரணத்தோடு விளக்கிவிட வேண்டும். ஹேண்டிகேப் 24 உள்ளவருக்கு எல்லா ஹோலிலும் ஒரு அடி சலுகை. கடினமானவை என்று கார்டில் 1 முதல் 6 வரை எண் போட்டிருக்கும் ஹோல்களில் இரண்டு அடி. அப்படி ஒரு பார் 4 ஹோலில் அவர் 6 அடித்தால் நிகரம் 4, இரண்டு புள்ளி. 7 அடித்தால் ஒரு புள்ளி. ஏழாவது அடியும் உள்ளே போகவில்லையா? பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். "பந்தை எடு" என்ற இந்த ஒரு பழக்கம் ஒரு ஹோலுக்கு இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்தால் 18 ஹோலில் 36 நிமிஷம். மூடுபனி இறங்குவதற்கும் சாப்பாட்டு மேசைக்குப் போவதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் பல நாள் அந்த 36 நிமிஷம்தான்.

தனிநபர் புள்ளியோடு கூடவே இருவர் அணி ஒன்றையும் ஓட்டுங்கள்: ஒவ்வொரு ஹோலிலும் இருவரில் நல்ல புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வது. சுமாராக ஆடுபவருக்கும் ஏதாவது ஒரு ஹோலில் தன் புள்ளி அணிக்கு உதவும், அன்று முழுக்க அதைப் பற்றிப் பேசுவார். குழுவில் பாதிக்கு மேல் கற்றுக்குட்டிகள் என்றால் மட்டும் ஸ்கிராம்பிள். நால்வரும் அடித்து, நல்ல பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே மறுபடி நால்வரும் அடிப்பது. ஒவ்வொருவரின் டீ அடியும் குறைந்தது மூன்று தடவை பயன்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். இல்லாவிட்டால் நன்றாக அடிப்பவர் ஒருவர் ஆட, மூவர் வாக்கிங் போவார்கள்.

யாரை யாரோடு

இதுதான் இந்த வேலையின் சூட்சுமம், இதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் மைதான நடைமுறை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவர் சிறந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை; கடிகாரம் பார்ப்பவராக இருக்க வேண்டும். இரண்டு கற்றுக்குட்டிகளுக்கு மேல் ஒரு குழுவில் போடாதீர்கள். வேகமான குழு முதலில், மெதுவான குழு கடைசியில். தலைகீழாகப் போட்டால் நாள் முழுக்க நெரிசல்தான்.

சண்டைக்காரர்கள் இருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்களைப் பிரிக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம், ஒன்றாகப் போடுங்கள். அவர்கள் சண்டை போடுவதற்காகவே வருகிறார்கள். மருமகனும் மாமனாரும் வந்தால் மட்டும் வேறு வேறு குழு.

குழுவுக்குக் குழு ஒன்பது நிமிஷ இடைவெளி. 7:30-க்கு முதல் குழு கிளம்பினால் நான்காவது குழு 7:57-க்கு. மலையில் நடந்து ஆட ஐந்து மணி நேரம் என்று வைத்தால் ஒரு மணிக்குள் எல்லோரும் உள்ளே. கொடைக்கானலில் மூடுபனி பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் ஏறி வரும் என்பதால் எட்டு மணிக்கு மேல் தொடங்க எனக்கு மனம் வராது, உறைபனிக் காலம் தவிர.

அரைப் பக்கத்தில் அன்றைய விதிகளைத் தமிழில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். மூன்று விஷயம் போதும். ஒன்று, பந்து தேட மூன்று நிமிஷம். 2019 விதி மாற்றத்தில் ஐந்து மூன்றானது. இரண்டு, பந்து தொலைந்தால் திரும்ப டீக்கு நடக்க வேண்டாம். தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்பாதை) ஓரத்துக்கு வந்து, ஹோலுக்குக் கிட்டப் போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு, இரண்டு அடி அபராதத்தோடு ஆடலாம். இதைக் கிளப் உள்ளூர் விதியாக வைத்துக்கொள்ள கோல்ஃப் விதிகளே இடம் தருகின்றன. மூன்று, யார் தயாரோ அவர் அடிக்கலாம், தூரத்தில் இருப்பவர் முதலில் என்று காத்திருக்கத் தேவையில்லை. பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) பிடி அளவு தூரத்தில் கிடக்கும் பந்தை "சரி, எடு" என்று விடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் ஸ்கோரை ஹேண்டிகேப்புக்கு அனுப்பப்போகிறவர்கள் கடைசிவரை உள்ளே போட்டாக வேண்டும்.

மலையேறுவது

மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கோவைக்காரர்களுக்குப் பழனி வழி. பழனியிலிருந்து மேலே 64 கிலோமீட்டர் வளைவும் சரிவும்தான். அன்றே ஏறி அன்றே ஆடும் யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி இறங்கியவரை நேராக டீயில் நிறுத்தினால் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. முந்தின நாள் மாலைக்குள் மேலே இருக்க வேண்டும்.

உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. வண்டி எண்ணோடு முன்பே எடுத்து, ஓட்டுநர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் வேண்டாம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், வேனில் ஒரு பெரிய கேன்.

இரவு சீக்கிரம் படுக்க வையுங்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கிற காரியமாகச் சொல்கிறேன்: ஸ்கோர் கார்டையும் கேடி பணத்தையும் படுக்கும் முன் தனித்தனி கவரில் போட்டு வையுங்கள், காலையில் உங்களுக்கும் தலை சுற்றிக்கொண்டிருக்கலாம்.

பையில் என்ன

பதினான்கு கிளப்புக்கு மேல் விதிப்படி கூடாது. ஏற்ற இறக்கத்தில் கேடி சுமக்கப்போகிறார் என்பதை நினைத்தால் பத்தே போதும். கழற்றி மாட்ட வசதியாக இரண்டு அடுக்கு உடை, ஒரு மெல்லிய மழைச் சட்டை, காய்ந்த துண்டு, மாற்று சாக்ஸ். காலைப் பனித்துளியில் துணி ஷூ ஊறிவிடும். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடும், மாலையில் மூக்கு உரியும். பந்து தாராளமாக, ஒரு டஜன். பார்த்தால் தெரியும்படி மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால் தேடும் நேரம் குறையும். பந்தைப் பாக்கெட்டில் வைத்துக் கைச்சூட்டில் வைத்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே சூடேற்றும் பை வைத்துப் பந்தைச் சுடவைப்பது விதிப்படி குற்றம்.

முதல் டீயில்

அரை மணி முன்பே வந்து சேருங்கள். குழுப் படம், டி-ஷர்ட் படம், கொடியோடு படம் எல்லாம் இப்போதே எடுத்து முடித்துவிடுங்கள். பேச்சு இரண்டு நிமிஷம். எந்த ஹோலில் நீள அடிப் பரிசு, எதில் கொடிக்கு மிக அருகே பரிசு, எங்கே சாப்பாடு, இடி கேட்டால் என்ன செய்வது. கடைசி விஷயத்தில் விதி ஆட்டக்காரர் பக்கம்தான்: மின்னல் அபாயம் என்று நியாயமாகத் தோன்றினால் யாரையும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்தலாம். ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள், நேராகக் கட்டிடத்துக்கு.

கேடிகளோடு பெயர் கேட்டு அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். இந்த மலையில் உங்கள் ஆட்டத்தில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பட்டரை எடுத்துக் குனிந்து கொடிக்கு நேராகக் குறிபார்த்தார். கண்ணுக்குச் சரிவே இல்லாதது போலத் தெரிந்தது. கேடிப் பையன் கிட்டே வந்து, கொடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு புல் நுனியைக் காட்டினான். "சார், மலை அந்தப் பக்கம் இருக்கு. தண்ணி எங்க ஓடுமோ பந்தும் அங்கதான் ஓடும்." பெரியவர் நம்பாமல் கொடிக்கே அடித்தார். பந்து தண்ணீர் ஓடும் பக்கமே ஓடியது. அடுத்த ஹோலில் இருந்து "தம்பி, எங்க அடிக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் குனிந்தார்.

மலையில் அடிப்பது

7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சமவெளியைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கீழே 140 கெஜம் போகும் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) அடி இங்கே 150-ஐத் தாண்டும். குளிர்ந்த காலையில் அதில் சில கெஜம் குறையும், வெயில் ஏறியதும் திரும்பக் கிடைக்கும். இன்னொரு நல்ல செய்தி: மெல்லிய காற்றில் பந்தின் வளைவும் குறைவு, அதனால் ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைந்து விலகும் அடி) அடிப்பவர்களுக்குக் கொடைக்கானல் கொஞ்சம் கருணை காட்டும்.

ஆனால் சரிவு கருணை காட்டாது. ஏற்றத்தில் இருக்கும் கிரீனுக்கு ஒரு கிளப் கூடுதல், அதாவது இன்னும் தூரம் போகும் அடுத்த மட்டை; இறக்கத்துக்கு ஒன்று குறைவு. வலக்கையாளருக்குப் பந்து காலைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம். நீண்டு வளர்ந்த புல்லில் பந்து அமிழ்ந்து கிடந்தால் வீரம் காட்டாமல் ஏழாம் எண்ணுக்கு மேல் ஏதாவது ஒரு அயர்னால் வெளியே தள்ளிவிடுங்கள். ஃபேர்வே உட்டை (தூர அடிக்கான பெரிய தலை மட்டை) எடுத்தால் பந்து இரண்டு அடி நகரும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்று ஹோல் தாண்டியதும் சிலர் கிரீன் சரியில்லை, மேடு பள்ளம், புல் நீளம் என்று ஆரம்பிப்பார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நடையும் ஒரு விஷயம்தான். இந்த உயரத்தில் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது இயல்பு. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்பது ஹோலோடு நிறுத்திக்கொள்ளும்படி கணக்கு வைப்பது நல்லது. ஒன்பது ஹோலுக்கும் ஒரு பரிசு வைத்துவிட்டால் கௌரவக் குறைச்சல் தெரியாது.

காட்டெருமை, குரங்கு, மூடுபனி

கொடைக்கானலில் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே நடமாடும். மைதானத்துப் புல் அவற்றுக்குப் பிடித்தமானது. ஃபேர்வேயில் கூட்டமாக நின்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள், தூரத்தில் நில்லுங்கள், கேடி சொல்வதைக் கேளுங்கள். கிளப்பைத் தட்டிச் சத்தம் போடுவது, படம் எடுக்கக் கிட்டே போவது இரண்டும் கூடாது. பார்க்கச் சாதுவாக மேயும். ஆனால் இங்கே மனிதர்களை முட்டிய சம்பவங்கள் உண்டு. பந்து அவற்றின் காலடியில் கிடந்தால், ஆபத்தான விலங்கு இருக்கும் இடம் என்ற கணக்கில் அபராதம் இல்லாமல் வேறு இடத்தில் போட்டு ஆட விதி அனுமதிக்கிறது. கிரீனில் குளம்புத் தடம் இருந்தால் பட் அடிக்கும் முன் சரிசெய்துகொள்ளலாம்.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போனால்? இருந்த இடத்தில் இன்னொரு பந்தை வையுங்கள், அபராதம் கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு விதியில் ஒன்றும் இல்லை, பையின் ஜிப்பை மூடி வையுங்கள்.

மூடுபனி வந்தால் ஒரே சட்டம்: முன்னால் போன குழு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடிக்கக் கூடாது. குரல் கேட்கிறது, கிளம்பிவிட்டார்கள் என்று ஊகிக்காதீர்கள். பதினைந்து நிமிஷத்தில் விலகவில்லை என்றால் ஆடிய ஹோல் வரைக்கும் புள்ளியைக் கூட்டி முடித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பன்னிரண்டு ஹோல் முடித்திருந்தால் அதுவே நியாயமான போட்டி.

சாப்பாடும் பரிசும்

ஒன்பதாவது ஹோல் முடிந்ததும் இஞ்சி டீ, பன், வாழைப்பழம். நின்றபடி ஏழு நிமிஷம், உட்கார விடாதீர்கள். கேடிகளுக்கும் அதே டீ, அதே பன், முன்பே கணக்கில் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

மதிய உணவு எளிமையாக, சூடாக இருந்தால் போதும். சாப்பாடு வரும் நேரத்தில் இருவர் கார்டுகளைக் கூட்டட்டும். ஒருவர் கூட்டியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். சமன் வந்தால் கடைசி ஒன்பது ஹோல், அதிலும் சமன் என்றால் கடைசி ஆறு, பிறகு மூன்று, பிறகு பதினெட்டாவது. இதைத் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தால் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து வராது.

பரிசுக்குக் கோப்பை வாங்காதீர்கள், வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இடம் இல்லை. மலைக்கு மேலே கிடைப்பதையே கொடுங்கள்: கொடைக்கானல் சீஸ், கையால் செய்த சாக்லேட், பருவத்தில் பிளம்ஸ், பேரிக்காய். கடைசி இடத்துக்கு ஒரு கட்டு மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, வீட்டில் முதல் பரிசைவிட இதற்குத்தான் வரவேற்பு இருக்கும். இரண்டு கடைசி இடத்தவர்கள் பூண்டுக்காக அடித்துக்கொள்வதும் நடக்கும். பேச்சு யாருக்கும் வேண்டாம், ஜெயித்தவர் மட்டும் ஒரு வாக்கியம் பேசலாம்.

கேடி டிப்ஸை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுக்க விடாதீர்கள். நன்றாக ஆடியவர் ஐந்நூறு கொடுப்பார், கோபத்தில் இருப்பவர் ஐம்பது கொடுப்பார். சுமந்த பாரம் இருவருக்கும் ஒன்றுதான். பொதுவில் எடுத்து, சமமாக, கவரில், பெயர் சொல்லி, நன்றியோடு கொடுங்கள். முந்தின இரவே கவர் போட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

இறங்குவது

மூன்றரைக்குள் வேன் கிளம்ப வேண்டும். தூண் பாறைப் பக்கமிருந்து திரும்பும் சுற்றுலா வண்டிகள் மாலையில் அதே சாலையில்தான் வரும். ஊரைக் கடக்கவே நேரம் பிடிக்கும். இருட்டும் மூடுபனியும் சேருவதற்குள் பெருமாள்மலையைத் தாண்டிவிட்டால் நிம்மதி. ஆடிக் களைத்தவர் யாரும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம், மதியம் ஒரு கிளாஸ் எடுத்தவர் நிச்சயமாக வேண்டாம். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்துக்கொள்வது இந்த ஒரு காரணத்துக்காகவே தகும். இறக்கத்தில் இரண்டாவது கியர், பிரேக்கை விடாமல் மிதிக்காமல். ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு. வத்தலகுண்டு வந்ததும் ஒரு காபிக்கு நிறுத்துங்கள். வரவு செலவை அங்கேயே உட்கார்ந்து குழுவில் போட்டு, மிச்சப் பணத்தை அவரவருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.